வியாழக்கிழமை மாத்திரை

பொம்மிடியிலிருந்து கடத்தூர் போகும் சாலையோரத்து அரசு உயர்நிலைப் பள்ளியில் ஏஞ்சலின் ஒன்பதாம் வகுப்பு படித்தபோது அங்கே அறிவியலுக்கு ஆசிரியர் கிடையாது. சமூக அறிவியல் எடுத்த சுகுணா டீச்சர்தான் அதையும் பார்த்துக்கொண்டார். இனப்பெருக்க மண்டலம் பாடம் வந்தால், "வூட்ல படிச்சுக்குங்க" என்று நாலு பக்கத்தைச் சேர்த்துப் புரட்டிவிடுவார்.

அந்த வருஷம் சுகாதாரத் துறையிலிருந்து ஒரு திட்டம் வந்தது. வகுப்புக்கு ஒரு மாணவியைப் பொறுக்கி, அவளுக்குப் பயிற்சி கொடுத்து, அவளைக்கொண்டே மற்றவர்களுக்கு உடம்பைப் பற்றிச் சொல்லவைப்பது. பெரியவர்கள் சொன்னால் தலையைக் குனிந்துகொள்ளும் பிள்ளைகள், கூடப் படிக்கிறவள் சொன்னால் காது கொடுப்பார்கள் என்று நினைத்தார்கள். சுகுணா டீச்சர் ஏஞ்சலினைக் கைகாட்டினார். அவளுடைய அப்பா அருள்சாமி சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் பைபிள் வாசகம் வாசிக்கிறவர். ஆட்கள் முன்னால் நிமிர்ந்து நின்று பேசுவது அவளுக்கு வீட்டிலேயே வந்திருந்தது.

கடத்தூரில் இரண்டு நாள் பயிற்சி. ஒரு துணிப்பை, ஒரு தொப்பி, பெரிய பெரிய படங்கள் போட்ட ஒரு புத்தகம் கொடுத்தார்கள். திரும்பி வந்த முதல் நாளே வகுப்பில் நின்று 'மாதவிடாய்' என்று சத்தமாகச் சொன்னாள். பெண்பிள்ளைகள் இருபத்து மூன்று பேரும் முகத்தை டெஸ்க்கில் கவிழ்த்துக்கொண்டார்கள். ஏஞ்சலின் நிறுத்தவில்லை. மூன்றாவது வாரத்துக்குள் அவர்கள் நிமிர்ந்துவிட்டார்கள். ஆறாவது வாரத்தில், அம்மாவிடம் கேட்காததை எல்லாம் அவளிடம் கேட்டார்கள்.

வியாழக்கிழமைதான் முக்கியமான நாள். சத்துணவு முடிந்ததும் இரும்புச்சத்து மாத்திரை கொடுக்க வேண்டும். சின்னதாக, நீலமாக இருக்கும். ஒவ்வொருத்தி கையிலும் ஒன்று வைத்து, தன் கண்ணெதிரே விழுங்கவைத்து, நோட்டில் டிக் போடுவது ஏஞ்சலினின் வேலை. அதனால் அவளுக்கு 'மாத்திரை லீடர்' என்று பெயர் வந்தது.

"சோறு தின்ன பெறகுதான் போடணும். வெளிக்கி கறுப்பாப் போவும், பயப்படக் கூடாது. தண்ணி நெறயக் குடிக்கணும்" என்று சொல்லிக்கொடுப்பாள்.

தண்ணீர்தான் யாரும் குடிக்கமாட்டார்கள். பெண்கள் கழிப்பறைக்குக் கதவு கிடையாது. காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் அடக்கிக்கொள்ள வேண்டும் என்று ஒரு வாய் தண்ணீரில் மாத்திரையைத் தள்ளுவார்கள். அது குடலைப் புரட்டும். சிலர் விழுங்கின மாதிரி காட்டிவிட்டு, பள்ளிக்குப் பின்னால் போய் வேப்பமரத்தடியில் துப்பினார்கள். இது தெரிந்ததும் சுகுணா டீச்சர் ஒரு முறையைச் சொன்னார். மாத்திரை போட்ட உடனே வாயைத் திறக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும். நாக்கைத் தூக்கச் சொல்ல வேண்டும்.

ஏஞ்சலின் அப்படியே செய்தாள். "வாயைத் தொற. நாக்கத் தூக்கு. சரி, போ." இருபத்து மூன்று வாய்கள்.

அவளுக்குப் பக்கத்தில் உட்காருகிறவள் காவேரி. ஒல்லியாக இருப்பாள், ஓட்டப்பந்தயத்தில் யாரும் அவளைப் பிடிக்க முடியாது. அப்பா பெங்களூரில் கட்டட வேலைக்குப் போனவர், வருஷத்துக்கு ஒரு தடவை மாரியம்மன் பண்டிகைக்கு வருவார். அம்மா மாதம்மாள் கூலி வேலைக்குப் போய் அவளைப் படிக்கவைத்தாள். வாயைத் திறந்து பார்க்க ஆரம்பித்த முதல் வியாழக்கிழமையே, காவேரியின் கடைவாய்க்கும் கன்னத்துக்கும் நடுவில் நீலமாக ஒன்று ஒட்டிக்கொண்டிருப்பதை ஏஞ்சலின் பார்த்துவிட்டாள். காவேரி வாயை மூடவில்லை. அப்படியே திறந்த வாயோடு, கண்ணால் கெஞ்சினாள்.

ஏஞ்சலின் டிக் போட்டாள்.

சிநேகிதியைக் காட்டிக்கொடுக்க மனசு வரவில்லை. அது பாதிதான். வட்டாரத்தில் நூற்றுக்கு நூறு காட்டுகிற பள்ளிக்கு விருது என்று டீச்சர் சொல்லியிருந்தார். ஒருத்தி பெயருக்கு நேரே காலியாக விட்டால் லீடர் சரியில்லை என்று ஆகிவிடும். அடுத்த வாரமும் நீலம் அங்கேயே இருந்தது. அதற்கடுத்த வாரமும். பிறகு ஏஞ்சலின் அந்தப் பக்கக் கன்னத்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டாள். ஒன்பதும் பத்தும் சேர்த்து எழுபது வியாழக்கிழமைக்கு மேல் இருக்கும். ஒரு நாள்கூட, ஏன்டி முழுங்கமாட்டேங்கிற என்று அவள் கேட்கவில்லை.

பள்ளிக்கு விருது கிடைத்தது. மேடையில் ஏஞ்சலின் போய் வாங்கினாள். கூட்டத்தில் ரொம்பச் சத்தமாகக் கைதட்டியவள் காவேரிதான்.

அதற்குப் பிறகு இருவரும் ஆளுக்கொரு பக்கம் போனார்கள். ஏஞ்சலின் தர்மபுரியில் லேப் டெக்னீஷியன் படிப்பு முடித்து, தங்கள் ஊர்ப்பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஒப்பந்த வேலைக்குச் சேர்ந்தாள். காவேரி பன்னிரண்டாவது முடித்து, பத்தொன்பது வயதில் கம்பைநல்லூர்ப் பக்கம் கட்டிக்கொடுக்கப்பட்டு, டைல்ஸ் வேலை செய்யும் புருஷனோடு பெங்களூர் போனாள்.

ஏஞ்சலின் வேலைக்குச் சேர்ந்த நாலாவது மாதம், கர்ப்பிணிகள் வரும் செவ்வாய்க்கிழமை, ரத்தம் எடுக்கிற நாற்காலியில் காவேரி வந்து உட்கார்ந்தாள். எட்டாம் மாதம். தலைப்பிரசவத்துக்குத் தாய் வீடு வந்திருந்தாள். கண்ணுக்குக் கீழே வெளுத்திருந்தது. ஆனால் சிரிப்பு அதேதான்.

"இன்னும் நீ மாத்திர லீடருதானாடி?"

"கைய நீட்டு மொதல்ல. பெங்களூர்ல செக்கப்புக்குப் போனியா?"

"ரெண்டு தடவ போனேன். சைட்டு மாத்திக்கிட்டே இருந்தாங்க. எங்கன்னு போறது?"

விரலைக் குத்தினாள். ரத்தம் தண்ணீராக வந்தது. பதினொன்றாவது இருக்க வேண்டிய ரத்த அளவை மெஷின் ஆறு புள்ளி இரண்டு என்று காட்டியது. துடைத்துவிட்டு இன்னொரு விரலில் குத்தினாள். அதே ஆறு புள்ளி இரண்டு.

"அப்பவே ஒழுங்கா முழுங்கியிருந்தா இப்பிடி ஆவுமாடி?" என்று ஏஞ்சலின் பாதி கோபமாகக் கேட்டாள்.

காவேரி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பின்னால் நின்றவள் அவசரப்படுத்தினாள். "விடுடி, அதெல்லாம் ஒரு காலம்" என்று சொல்லி எழுந்துபோனாள்.

டாக்டரம்மா அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்து, இரும்புச்சத்தை ஊசி வழியாக ஏற்ற நாலு நாள் குறித்தார். இரண்டு நாள் ஏற்றினார்கள். மூன்றாவதுக்கு முன்னால் வலி வந்துவிட்டது. நூற்றியெட்டு வண்டி நேரத்துக்கு வந்தது. பெண் குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. அதற்குப் பிறகு காவேரிக்கு ரத்தம் நிற்கவில்லை. அங்கே செய்ய வேண்டியதை எல்லாம் செய்தார்கள். மற்றவர்கள் என்றால் தாங்கியிருப்பார்கள், இவள் உடம்பில் இழப்பதற்கு ஒன்றும் இல்லை என்று சொன்னார்களாம். மத்தியானத்துக்குள் எல்லாம் முடிந்தது.

அடக்கத்துக்கு ஏஞ்சலின் போனாள். மாதம்மாள் அழக்கூட முடியாமல் சுவரோடு சாய்ந்து கிடந்தாள். அவளிடம் போய் நிற்க ஏஞ்சலினுக்குக் கால் வரவில்லை. திரும்பிவிட்டாள்.

வாரத்தில் இரண்டு நாள் பள்ளிக்கூடங்களுக்குப் போகும் சுகாதார வண்டியில் ஏஞ்சலினும் போக வேண்டும். காவேரி போய் ஒரு மாதம் கழித்து, ஒரு வியாழக்கிழமை, அவர்கள் படித்த அதே பள்ளிக்கு வண்டி போனது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் மாத்திரைக்கு வரிசையில் நின்றார்கள். பெயர்ப்பட்டியலில் இருபத்தெட்டு. ஏஞ்சலின் தலைகளை எண்ணினாள். இருபத்தொன்பது. மறுபடி எண்ணினாள். இருபத்தெட்டு.

வெயில், சரியாக எண்ணவில்லை என்று நினைத்துக்கொண்டாள். முதல் பிள்ளை வாயைத் திறந்து நாக்கைத் தூக்கினாள். ஒன்றும் இல்லை. இரண்டாவது, மூன்றாவது, ஒன்றும் இல்லை. நாலாவது பிள்ளையின் கன்னத்துக்குள் நீலம் தெரிந்தது. "தொற, நல்லாத் தொற" என்று தாடையைப் பிடித்தாள். அந்தப் பிள்ளை பயந்து அழுதது. வாய் காலியாகத்தான் இருந்தது.

அதற்குப் பிறகு எந்தப் பள்ளிக்குப் போனாலும் வரிசையில் ஒரு தலை கூடுதலாக வந்தது. எப்போதும் கடைசியிலிருந்து மூன்றாவதோ நாலாவதோ, ஒல்லியாக, ஒரு காலை முன்னால் வைத்து ஓடத் தயாராக நிற்கிற மாதிரி. நேரே பார்த்தால் அங்கே வேறு யாராவது நிற்பார்கள். நட்டநடுப் பகலில், பிள்ளைகளின் இரைச்சலுக்கு நடுவில் இது நடக்கும். வீட்டில் சொன்னால் மந்திரிக்கக் கூட்டிப்போவார்கள். அவள் யாரிடமும் சொல்லவில்லை. எண்ணுகிற வேலையை மட்டும் நர்ஸிடம் கொடுத்துவிட்டாள்.

ஒரு நாள் டாக்டரம்மாவிடம் டிக் போட்டதைச் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"ஏஞ்சலின், ஒம்பதாவதுல போட்ட மாத்திரை இருபத்தோரு வயசுல ரத்தத்துல நிக்காது. அந்தப் பொண்ணு பெங்களூர்ல ஏழு மாசம் ஒரு மாத்திரையும் சாப்பிடாம இருந்திருக்கு. நீ படிச்ச பொண்ணு, உனக்குத் தெரியாதா?"

தெரியும். தெரிந்து ஒன்றும் ஆகவில்லை. வியாழக்கிழமைகள் வந்துகொண்டுதான் இருந்தன.

ஒரு வருஷம் இப்படிப் போனது. மாசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலைப் பூசை முடிந்ததும், மாதம்மாளிடம் போய்ச் சொல்லிவிடுவது என்று ஏஞ்சலின் கிளம்பினாள். அவள் திட்டட்டும், மண்ணை வாரித் தூற்றட்டும், அதை வாங்கிக்கொண்டு வருவோம் என்று இருந்தது.

மாதம்மாள் வீட்டுக்கு முன்னால் தார்ப்பாய் விரித்துப் புளி தட்டிக்கொண்டிருந்தாள். ஓடு நீக்கி, நாரெடுத்து, கல்லில் வைத்துத் தட்டிக் கொட்டையைத் தனியே தள்ளுகிற வேலை. விரலெல்லாம் கறுத்திருந்தது. குழந்தை பக்கத்தில் கொட்டைகளை அளைந்துகொண்டிருந்தது.

"வா பாப்பா. பூசைக்குப் போயிட்டு வர்றியா? ஒக்காரு, ஒக்காரு" என்று மாதம்மாள் கையால் ஒரு பக்கம் புளியைத் தள்ளி இடம் விட்டாள்.

ஏஞ்சலின் உட்கார்ந்தாள். "அம்மா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணுங்க."

"நானும் உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்னு கெடக்கறேன். அன்னிக்கி நீ வந்துட்டு அப்பிடியே போயிட்டே. நான் பாத்தேன். எனக்கு அப்ப வாய் வல்ல." மாதம்மாள் தட்டுவதை நிறுத்தினாள். "உன்ன நான் மறக்கமாட்டேன் பாப்பா. நீ குடுத்தனுப்புன மாத்திரதான் என்னய எழுப்பி நடக்க வெச்சுது."

ஏஞ்சலினுக்குப் புரியவில்லை. "எந்த மாத்திரைங்கம்மா?"

"அதான், அந்த நீல மாத்திர. அப்பல்லாம் எனக்குத் தீட்டு வந்தா நிக்காது. பத்து நாளு, பன்னெண்டு நாளு போவும். காட்டுல களை எடுக்கறப்ப தல சுத்தி வுழுந்துருவேன். மேஸ்திரி வேலைக்கு வராதேன்னுட்டாரு. வியாழக்கெழம வியாழக்கெழம காவேரி அத எடுத்தாந்து குடுப்பா. சில வாரம் ஒண்ணு, சில வாரம் மூணு நாலு கூட இருக்கும். ஏதுடின்னா, ஸ்கூல்ல வூட்டாளுங்களுக்கும் குடுக்கறாங்கம்மா, ஏஞ்சலின்தான் லீடரு, அவளக் கேட்டு வாங்கியாறேன்னு சொல்லுவா. ரெண்டு வருசம் தின்னேன். தெளிஞ்சுட்டேன்."

பள்ளிக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் மற்ற வகுப்புப் பிள்ளைகள் துப்பின மாத்திரைகள் சாயங்காலம் ஒன்றுகூடக் கிடக்காது என்பது அப்போதுதான் ஏஞ்சலினுக்கு நினைவுக்கு வந்தது. காவேரி ஏதோ வேலையாக அந்தப் பக்கம் போய்விட்டு வருவாள்.

உன் பிள்ளை விழுங்கவில்லை, நான் பார்த்தும் விட்டுவிட்டேன் என்று இனி எப்படிச் சொல்வது? விழுங்காதது எங்கே போனது என்று இந்த அம்மா உடனே தெரிந்துகொள்வாள்.

"நீ என்னமோ சொல்ல வந்தியே?" என்று மாதம்மாள் கேட்டாள்.

"குழந்தைக்கு ரத்தம் பாக்கணுங்கம்மா. செவ்வாய்க்கிழமை தூக்கிட்டு வாங்க."

"வர்றேன்." மாதம்மாள் ஒரு புளியை எடுத்து நாரை உருவினாள். கொட்டையைத் தட்டவில்லை. கையிலேயே வைத்திருந்தாள். "பாப்பா, ரொம்ப நாளா ஒரு நெனப்பு. அந்த மாத்திரயில சிலது நீலம் போயி வெள்ள வெள்ளயா இருக்கும். தொட்டா ஈரமா இருக்கும். ஏன்டி இப்பிடின்னு கேட்டா கைவேர்வம்மான்னு சொல்லுவா." அவள் தலையைத் தூக்கினாள். "வேர்வதான பாப்பா அது?"

ஏஞ்சலின் குழந்தையைப் பார்த்தாள். "வேர்வைதாங்கம்மா. வெயில் நேரத்துல டப்பாவுல இருந்து எடுத்தாலே அந்த மாத்திரை அப்பிடித்தான் நீலம் வுடும்."

மாதம்மாள் நம்பினாளா, அப்படி ஒருத்தி வாயால் கேட்டால் போதும் என்று இருந்தாளா என்று ஏஞ்சலினுக்கு இன்றுவரை தெரியாது. "அப்ப சரி" என்று சொல்லிவிட்டு, புளியைக் கல்லில் வைத்துத் தட்டினாள். கிளம்பும்போது ஒரு உருண்டை புளியைப் பையில் போட்டுக் கொடுத்தாள். வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. வீட்டில் அம்மா அதில் ரசம் வைத்தாள். ஏஞ்சலின் சாப்பிட்டாள்.

அந்த வாரமே அவள் பள்ளியில் வாயைத் திறக்கச் சொல்வதை நிறுத்தினாள். இப்போது அங்கே ஒன்பதாம் வகுப்புக்கு லீடர் எழிலரசி என்ற பெண். நல்ல துடிப்பு, வாய் பார்ப்பதில் ரொம்பக் கண்டிப்பு.

"இனிமே நாக்கத் தூக்கச் சொல்லாத எழில். முழுங்காதவங்கள டீச்சர்கிட்டயும் சொல்லாத. ஏன்னு மட்டும் கேளு. தனியா கூப்ட்டுக் கேளு. கேட்டத எங்கிட்ட சொல்லு."

"அப்ப டிக்குங்கக்கா?"

"முழுங்கினாத்தான் டிக்கு."

எழிலரசி கேட்டாள். இரண்டே வாரத்தில் கதைகள் வந்தன. ஒருத்தி காலையில் எதுவும் சாப்பிடாமல் வருகிறாள், சத்துணவிலும் பாதியைத் தம்பிக்கு எடுத்துப்போகிறாள், அதனால் குமட்டுகிறது. ஒருத்தியிடம் அவளுடைய அத்தை, இது பிள்ளை பிறக்காமல் இருக்கக் கொடுக்கிற மாத்திரை என்று சொல்லியிருக்கிறாள். இன்னொருத்தி பிடிக்கவில்லை என்று மட்டும் சொன்னாள், அவ்வளவுதான். எழிலரசி அவளோடு ஒரு மாதம் தினமும் நடந்து வீடு வரைக்கும் போனாள். பிறகு அந்தப் பெண்ணே ஒரு நாள், அம்மா நடக்க முடியாமல் படுத்துக் கிடப்பதைச் சொன்னாள்.

கதவில்லாத கழிப்பறைக்குக் கதவு இன்னும் வரவில்லை. மனு போயிருக்கிறது.

மாதக் கடைசியில் பள்ளியின் கணக்கு அறுபத்து நாலு சதவீதம் என்று வந்தது. வட்டாரத்திலேயே கடைசி. தலைமையாசிரியர் சந்திரமோகன் அவளைக் கூப்பிட்டுவிட்டார்.

"என்னம்மா இது? நூத்துக்கு நூறு வாங்கின ஸ்கூலும்மா இது. ஷீல்டு அங்க மாட்டியிருக்குது பாரு."

"தெரியுங்க சார். அத நாந்தான் வாங்கினேன். அது நெசமான நூறு இல்லீங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "மேல கேட்டா நான் என்ன சொல்லட்டும்?"

"முழுங்காதவங்க வூட்டு அம்மாங்களுக்கும் ரத்தம் பாக்கறோம்னு சொல்லுங்க சார். ஒரு சனிக்கிழமை மட்டும் ஸ்கூல்ல எடம் குடுங்க."

இடம் கொடுத்தார். எழிலரசியும் அவளோடு நாலு பிள்ளைகளும் வீடு வீடாகப் போய்ச் சொன்னார்கள். சனிக்கிழமை காலையில் பத்தொன்பது பெண்கள் வந்தார்கள். வந்தவர்கள் மைதானத்து ஓரமாகவே நின்றார்கள். ஏஞ்சலின் போட்டிருந்த நாற்காலியில் யாரும் உட்காரவில்லை. ரத்தத்தை எடுத்து விற்றுவிடுவார்கள் என்று ஒருத்தி முணுமுணுத்தாள். இன்னொருத்தி, வேலைக்கு நேரமாகிவிட்டது என்று திரும்பப் பார்த்தாள்.

அப்போது மாதம்மாள் இடுப்பில் குழந்தையோடு கேட்டுக்குள் வந்தாள். அவளை யாரும் கூப்பிடவில்லை. பேத்தியைப் பள்ளியில் சேர்க்க இன்னும் எத்தனையோ வருஷம் இருந்தது. நேரே வந்து நாற்காலியில் உட்கார்ந்து, கையை நீட்டினாள். விரல் நுனி காய்ப்பேறிக் கெட்டியாக இருந்தது. ஏஞ்சலின் இரண்டு தடவை குத்த வேண்டியிருந்தது. மெஷின் பன்னிரண்டு புள்ளி நாலு காட்டியது.

"எவ்ளோ பாப்பா?"

"பன்னெண்டு புள்ளி நாலுங்கம்மா."

"அது நல்லதா?"

"ரொம்ப நல்லதுங்கம்மா."

மாதம்மாள் விரலைப் பஞ்சால் அழுத்திக்கொண்டு எழுந்தாள். நின்றிருந்த பெண்களைப் பார்த்து, வயல்வெளியில் கூப்பிடுகிற குரலில் சொன்னாள்: "ஏன் நிக்கறீங்க? இந்தப் பாப்பா ஒம்பதாவது படிக்கறப்பவே எனக்கு மாத்திர குடுத்தனுப்பி உசுர நிறுத்துன பொண்ணு. என் பொண்ணு கையில குடுத்தனுப்புச்சு. வாங்க, ஒக்காருங்க."

ஏஞ்சலின் குனிந்து மெஷினைத் துடைத்தாள். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், இத்தனை பேர் முன்னால் எல்லாம் உடைந்துவிடும். அவள் சொல்லவில்லை. மாதம்மாள் அவளைத் திரும்பிப் பார்க்காமல் குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போனாள்.

பெண்கள் ஒவ்வொருத்தியாக நகர்ந்து வரிசைக்கு வந்தார்கள். முதலில் வந்தவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். நகக்கண்ணெல்லாம் வெளுத்திருந்தது. ஏஞ்சலின் ஊசியை எடுக்கவில்லை. பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டாள்.

"தலை சுத்துதுங்களாக்கா?"

அந்தப் பெண் இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். பிறகு சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, எப்போதிலிருந்து என்று சொல்ல ஆரம்பித்தாள்.